விளம்பரத்தில் இடம் உண்டு, வீட்டில் உண்டா?

"சாமி, விளம்பரத்துலயே காட்டுறாங்க. கோர்ட்டும் குத்தம் இல்லன்னு சொல்லிடுச்சின்னு எம் பொண்ணு சொல்றா. அப்போ அது சரிதானா? இல்ல, வர்ற தை மாசத்துலயே ஒரு நல்ல பையனாப் பாத்து ஓலை வாசிச்சிடலாமா?"

கலசப்பாக்கத்தில், பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டிருந்தால் இதை எழுத நமக்கு உரிமை இல்லை. திண்ணையில் கேட்டதால், அவருடைய அனுமதி பெற்று, அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறோம்.

ஆரணிப் பட்டுக்குத் தறி போட்டுப் பிழைக்கும் குடும்பம். மகள் படித்து முடித்து வெளியூரில் வேலையில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது வரன் பேச்சை எடுத்திருக்கிறார்கள். தனக்கு ஆண்கள்மேல் நாட்டம் இல்லை என்றும், ஒரு பெண்ணோடுதான் தன் மனம் ஒன்றுகிறது என்றும் அவள் சொல்லிவிட்டாள். தந்தை அவளுடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று நாள் அந்த வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை.

அன்பார்ந்த இறைமக்களே, இந்தத் தாயின் கேள்வியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. ஒருவர் வணிகர், ஒருவர் நீதிபதி, ஒருவர் குருவானவர். மூவரும் ஆளுக்கொரு பதில் சொல்வதாக அவர் நினைக்கிறார். உண்மையில் மூவரும் என்ன சொல்லியிருக்கிறார்கள்? அதில் எவ்வளவு அவருடைய வீட்டு வாசலை வந்து சேர்கிறது? இவற்றைப் பொறுமையாகச் சிந்தித்துப் பார்ப்பது நமக்கு நல்லது. இந்தக் கேள்வி நாளை எந்த வீட்டிலும் எழலாம்.

சந்தை காட்டும் முகம்

முதலில் விளம்பரத்தைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டில் ஃபாஸ்ட்ராக் கைக்கடிகாரத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. ஓர் அலமாரியின் கதவு திறக்கிறது. உள்ளிருந்து இரண்டு இளம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியே வருகிறார்கள். தன் பாலினத்தவர்மேல் உள்ள ஈர்ப்பை வெளிப்படையாகச் சொல்வதை 'அலமாரியிலிருந்து வெளிவருதல்' என்று மேல்நாட்டார் குறிப்பிடுவார்கள். அந்தப் பேச்சுவழக்கை வைத்துச் செய்த படம் அது. ஃபாஸ்ட்ராக் எங்கோ தொலைவில் இருக்கும் நிறுவனத்தின் பொருள் அன்று. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் வளர்த்த டைட்டன் நிறுவனத்தின் பொருள்.

அந்த ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், தன்பால் உறவை மீண்டும் குற்றமாக்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வழங்கியது. உடனே டைட்டனின் நகைப் பிரிவான தனிஷ்க், ஒரே மாதிரியான இரண்டு காதணிகளின் படத்தை வெளியிட்டு, ஒத்த இரண்டும் அழகான ஜோடியே என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதியது. 2015இல் மிந்த்ரா நிறுவனத்தின் அனூக் என்னும் ஆடை வகைக்கு வந்த விளம்பரத்தில், சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள், தங்களைப் பார்க்க வரும் பெற்றோருக்காகக் காத்திருந்தார்கள். இணையத்தில் இலட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். அந்த உறவைச் சட்டம் குற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

2018இல் சட்டம் மாறியது. அதற்குப் பின் விளம்பரங்களுக்குத் துணிச்சல் கூடியிருக்க வேண்டும் அல்லவா? 2021 அக்டோபரில் டாபர் நிறுவனம் ஃபெம் என்னும் முகப்பூச்சுக்கு ஒரு விளம்பரம் வெளியிட்டது. வடநாட்டில் கணவனின் நீண்ட ஆயுளுக்காக மனைவி நோன்பிருந்து, சல்லடை வழியாக நிலவைப் பார்க்கும் 'கர்வா சௌத்' நாள். அந்த நோன்பை இரண்டு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் இருப்பதாகக் காட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மத்தியப் பிரதேசத்தின் அன்றைய உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா, சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று எச்சரித்தார். டாபர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சந்திரசூட், பொதுமக்களின் சகிப்பின்மையால் அந்த விளம்பரம் திரும்பப் பெறப்பட்டதைச் சுட்டிக்காட்டிப் பேசினார்.

இதைச் சற்று உற்றுப் பாருங்கள். சட்டம் எதிராக நின்ற காலத்தில் விளம்பரம் துணிந்து வந்தது. சட்டம் வழிவிட்ட பிறகு விளம்பரம் பின்வாங்கியது. இரண்டு முறையும் நிறுவனம் பார்த்தது கணக்குப் புத்தகத்தைத்தான். எந்த வாடிக்கையாளர் வருவார், எந்த வாடிக்கையாளர் போவார் என்பதே அங்கே கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டாபர் விளம்பரம் விற்க வந்தது முகத்தை வெளுப்பாக்கும் கிரீமை. "உன் அன்பு எதுவானாலும் ஏற்கிறோம்" என்று ஒரு கையால் அணைத்துவிட்டு, "உன் நிறம் மட்டும் போதாது" என்று மறு கையால் தள்ளியது. பெண் கறுப்பு என்பதற்காக வரன்கள் தட்டிப்போகும் நம் ஊர்ப் பெற்றோருக்கு இது நன்றாகப் புரியும்.

உலகம் முழுவதும் இதே கதைதான். ஜூன் மாதம் வந்தால் பெரிய நிறுவனங்கள் தங்கள் சின்னங்களுக்கு வானவில் நிறம் பூசும். ஜூலை பிறந்ததும் பழைய நிறம் திரும்பிவிடும். 2023இல் அமெரிக்காவில் பட் லைட் என்னும் பீர் நிறுவனம், ஒரு திருநங்கையைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்தியது. வாங்குவோர் புறக்கணித்து, விற்பனை சரிந்ததும் தடுமாறிப் போனது. அதே ஆண்டு மே மாதம், டார்கெட் என்னும் பெருங்கடைத் தொடர் எதிர்ப்புக்குப் பயந்து சில வானவில் பொருள்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது.

எல்லா நிறுவனங்களும் வெறும் நிறம் பூசுவதோடு நின்றுவிட்டன என்று நாம் சொல்லவில்லை. 2019 டிசம்பரில் டாட்டா ஸ்டீல் நிறுவனம், ஒரே பாலின இணையோடு வாழும் ஊழியர்களும் தங்கள் இணையைப் பதிவுசெய்து, பிற ஊழியர்களின் குடும்பத்துக்குரிய சலுகைகளைப் பெறலாம் என்று அறிவித்தது. ஊழியருக்கு உண்மையாகவே பயன்படும் செயல் அது. ஆனால் விளம்பரத்தில் பார்த்த முகத்தை நம்பி வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்ட பெண்ணுக்கு, அடி விழும் நேரத்தில் அந்த விளம்பரம் துணைக்கு வராது.

பட்டுத் தொழிலும் விளம்பரமும்

இதைச் சொல்லும்போது நம் பங்கையும் மறந்துவிடக் கூடாது. ஆரணி வட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது முகூர்த்தப் பட்டால். ஊர்களில் கல்யாணம் நடந்தால் தறிக்கு வேலை உண்டு. ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாவிட்டால் கையில் காசு ஓட்டம் குறையும். நாம் பாவு ஓட்டி, ஊடை கோத்து, ஜரிகை வைத்து நெய்யும் புடவையைப் பெருநகரத்துக் கடை எப்படி விற்கிறது? மணமகள் சிரிக்கிறாள், தகப்பன் கண்ணீர் மல்கப் பார்க்கிறான், குடும்பமே பூரித்து நிற்கிறது. பெண்ணின் வாழ்க்கை முழுமை பெறுவது அந்த ஒரு நாளில்தான் என்று அந்த விளம்பரம் சொல்கிறது.

அதுவும் ஒரு வணிகப் படம்தான். அதைத் தினமும் பார்த்துப் பழகிய தகப்பனுக்கு, மகள் மணமேடை ஏறாவிட்டால் தன் வாழ்க்கையே தோற்றுப் போனதாகத் தோன்றுகிறது. கைக்கடிகார விளம்பரம் அந்த மகளை மயக்கிவிட்டது என்று நாம் குறை சொல்கிறோம். நம்மைப் பட்டுப்புடவை விளம்பரம் மயக்கவில்லையா?

சட்டம் வந்த தூரம்

இனி நீதிமன்றம். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் ஆங்கிலேயர் இயற்றியது. அதன் 377ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்தது. வயதுவந்த இருவர் மனமொத்து, தனிமையில் கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பின்னர் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, 2018 செப்டம்பர் 6 அன்று ஒரே குரலில், அத்தகைய உறவு குற்றமன்று என்று தீர்த்துச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவு போன்ற ஒன்று இடம்பெறவில்லை.

ஆகவே அந்த மகள் தாயிடம் சொன்னது உண்மை. அவள் குற்றவாளி அல்ல.

ஆனால் சட்டம் அங்கேயே ஓர் எல்லையையும் வைத்திருக்கிறது. ஒரே பாலினத்தார் திருமணத்தை அங்கீகரிக்கக் கோரிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று, அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றமே என்று கூறி மறுத்துவிட்டது. திருமணத்துக்கு ஈடான வேறு உறவுமுறையை நீதிமன்றமே அங்கீகரிக்கலாம் என்ற கருத்தில் இருவர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமும் நின்றார்கள். மூவரின் முடிவே தீர்ப்பாயிற்று. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. இத்தகைய இணையர் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று நடுவண் நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. குடும்ப அட்டைக்கு அவர்களை ஒரே வீட்டினராகக் கொள்ளலாம் என்றும் அறிவிப்பு வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், காவலர் கைது செய்ய முடியாது. பதிவாளர் திருமணச் சான்று தரவும் மாட்டார். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இன்று இவர்கள் வாழ்கிறார்கள்.

நம் மறைமாவட்டத்து வழக்கு

சட்டம் டில்லியில் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓர் ஆட்கொணர்வு வழக்கில், வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எதிர்மனுதாரராக இருந்தார். வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே மறைமாவட்டம் என்பதை நாம் அறிவோம். ஒரு பெண், தன் இணையான 25 வயதுப் பெண்ணை அவருடைய குடும்பத்தார் அடைத்து வைத்திருப்பதாக முறையிட்டிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் முன்னிலையில் அந்தப் பெண் தன் விருப்பத்தைத் தெரிவித்தார். தன்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்ததாகவும், 'சரியாக' வேண்டும் என்று சில சடங்குகளைச் செய்யவைத்ததாகவும் சொன்னார்.

நீதிமன்றம் அவரை அவர் விரும்பிய இடத்துக்குப் போகவிட்டது. குடும்பத்தார் தலையிடக் கூடாது என்றது. உதவி கேட்டு வந்தவர்களிடம் காவல்துறை நடந்துகொண்ட முறையைக் கண்டித்தது. திருமணம் ஒன்றே குடும்பத்தை அமைக்கும் வழி அன்று என்றும் கூறியது.

அந்தத் தீர்ப்பில் நீதியரசி லெய்லா சேத் நினைவுகூரப்படுகிறார். இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி அவர். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயார். 2013 தீர்ப்பு தன் மகனைக் குற்றவாளியாக்கிவிட்டதே என்று வெளிப்படையாக எழுதியவர். இந்தப் பெண்ணின் தாய் ஒரு லெய்லா சேத் அல்ல என்பதை நீதிபதிகள் உணர்ந்தே எழுதினார்கள். அந்தத் தாயின் தவிப்பு அவர்களுக்குப் புரிந்தது. ஆயினும் மகளின் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. திண்ணையில் நம்முன் அமர்ந்திருந்த தாயும் லெய்லா சேத் அல்ல. ஆனால் மகள்மேல் கொண்ட அன்பில் அவர் யாருக்கும் குறைந்தவரும் அல்ல.

இதற்கு முன்பே, 2021 ஜூன் 7 அன்று, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு பிறப்பித்தார். அதில் நம்மை மிகவும் தொட்டது ஒன்று உண்டு. இந்தப் பொருளைப் பற்றித் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று அந்த நீதிபதி வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் மாணவரைப்போல் அமர்ந்து கேட்டார். அதன் பிறகே எழுதினார். இவர்களை 'மாற்றுவதாக'ச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022இல் திருத்தம் வந்தது. இவர்களையும் இவர்களுக்கு உதவுவோரையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது விதியாயிற்று. இவர்களைக் குறிக்கும் மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் அரசு வெளியிட்டது. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் ஒரு மனிதரின் முழு வாழ்வையும் ஒரு செயலுக்குள் அடைத்துவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் அப்படிச் செய்வதில்லை. மறையுரைகளில் முந்தைய சொல்லையே நாமும் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதை ஒத்துக்கொள்கிறோம்.

திருச்சபை சொல்வது என்ன?

மூன்றாவதாகக் குருவானவர். தாய் நம்மிடம் வந்தது சட்டம் கேட்க அன்று. கடவுள் என்ன சொல்கிறார் என்று கேட்க.

மறைக்காமல் சொல்கிறோம். திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே, வாழ்நாள் முழுவதற்குமான, உயிருக்கு வழிதிறக்கும் உடன்படிக்கை என்பதே திருச்சபையின் போதனை. அதற்கு வெளியே உள்ள பாலுறவு எதையும், ஒரே பாலினத்தாரின் உறவு உட்பட, திருச்சபை நல்லதென ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2357ஆம் எண்ணில் இதைச் சொல்கிறது. அதை விளம்பரம் மாற்றாது, நீதிமன்றமும் மாற்றாது.

ஆனால் பலர் அந்த எண்ணோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த எண் 2358. இத்தகைய நாட்டம் உள்ளவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாட்டின் சாயலும் கூடாது என்கிறது அது. முந்தைய எண்ணைக் கற்பிக்கும் அதே அதிகாரம்தான் பிந்தைய எண்ணையும் கற்பிக்கிறது. 1986 அக்டோபரில், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்ட மடல், இவர்கள்மேல் சொல்லாலோ செயலாலோ நிகழும் வன்முறையைக் கண்டித்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்கு அளித்த நேர்காணலில், பாவம் வேறு, குற்றம் வேறு என்று பிரித்துக் காட்டினார். தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டங்கள் அநீதியானவை என்றார். அத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்களுக்கு மனமாற்றம் தேவை என்றும் சொன்னார். நம் நாட்டிலும், 2013 தீர்ப்பு வந்தபோது, மும்பைப் பேராயராக இருந்த கர்தினால் ஓஸ்வால்ட் கிரேசியஸ், ஒரே பாலினத் திருமணத்தைத் திருச்சபை ஏற்கவில்லை என்பதைச் சொன்ன அதே வாயால், இவர்களைத் திருச்சபை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்பதையும் சொன்னார். 2023 டிசம்பர் 18 அன்று உரோமை வெளியிட்ட அறிவிப்பு, திருமணச் சடங்குபோல் தோன்றாத வகையில், ஆசி கேட்டு வரும் இத்தகையோருக்குக் குருவானவர் எளிய முறையில் ஆசி வழங்கலாம் என்றது. அதைப் பற்றி ஆயர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்ததும் உண்மையே.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர்முன் கொண்டுவந்த நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். அவர் அவளுக்கு அறிவுரை சொன்னார் என்பது உண்மை. ஆனால் எப்போது சொன்னார்? முதலில் கூட்டத்தாரின் கைகளிலிருந்து கற்கள் கீழே விழுந்தன. கடைசி ஆள் போன பிறகு, அவள் உயிருக்கு ஆபத்து இல்லை என்றான பிறகு, அவளோடு பேசினார். நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

கட்டாயத் திருமணம் திருமணமே அன்று

இப்போது அந்தத் தாயின் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருவோம். தை மாதத்தில் ஓலை வாசித்துவிடலாமா?

முடியாது என்று சொன்னோம். தயவு காட்ட மனமில்லாமல் சொன்னதன்று. திருச்சபைச் சட்டம் நமக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம் என்கிறது 1057ஆம் பிரிவு. பெற்றோரின் சம்மதமோ ஊராரின் சம்மதமோ குருவானவரின் கையொப்பமோ அதற்கு ஈடாகாது. வன்முறையாலோ பெரும் அச்சத்தாலோ, தப்பிக்க வேறு வழியின்றிச் செய்யும் திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் பிரிவு. கைப்பேசியைப் பறித்து, வெளியே விடாமல், அப்பா உயிரை விட்டுவிடுவார் என்று மிரட்டி மேடையேற்றினால், அங்கே பூவும் மாலையும் பட்டும் இருக்கும், திருமணம் இருக்காது. இதற்காகத்தான் ஓலை வாசிக்கும் முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து, முழு மனத்தோடு வருகிறீர்களா என்று கேட்கிறோம். அது சும்மா ஒரு படிவத்தை நிரப்பும் வேலை அன்று.

இன்னொரு உயிரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 'நல்ல பையன்' யார்? அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. உண்மையை மறைத்து அவனுக்குக் கட்டிவைத்தால், தான் செய்த தவறு என்ன என்று தெரியாமலேயே அவன் வாழ்நாள் முழுவதும் குழம்புவான். இல்வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே மறைத்து ஏமாற்றுவதைப் பற்றி 1098ஆம் பிரிவு பேசுகிறது.

2023 நவம்பரில் வெளிவந்த 'காதல் – தி கோர்' என்னும் மலையாளப் படத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். மம்மூட்டி தயாரித்து நடிக்க, ஜோதிகா அவருடைய மனைவியாக நடிக்க, ஜியோ பேபி இயக்கிய படம். கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் கதை. கணவனின் நாட்டம் வேறு என்பதை அறிந்த மனைவி, பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு மணமுறிவு கேட்டு நீதிமன்றம் போகிறாள். அந்தப் படம் சொல்லும் முடிவுகள் எல்லாவற்றையும் ஒரு குருவாக நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்ற நம் பழைய மருந்து, எத்தனை பேரின் வாழ்க்கையைக் கசக்கிவிடுகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. நம் தமிழ்ப் படங்களோ நெடுங்காலம் இத்தகைய ஆண்களைச் சிரிப்புக்கு மட்டுமே பயன்படுத்தின. கொட்டகையில் நாமும் சேர்ந்து சிரித்தோம். அருகில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளை அப்போது எந்த மனத்தோடு அமைதியாக இருந்தான் என்று நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

பங்கில் நாம் செய்யக்கூடியவை

அன்பியக் கூட்டங்களிலும் குடும்பங்களிலும் நாம் கடைப்பிடிக்கக்கூடிய சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, பிள்ளை உண்மையைச் சொன்ன அன்றைக்கே எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அடிக்க வேண்டாம். அடைத்து வைக்க வேண்டாம். வேலையையும் படிப்பையும் நிறுத்த வேண்டாம். சோற்றுத் தட்டு வழக்கம்போல் வைக்கப்படட்டும். ஒரு பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பது, தனக்கு இனி வீடு இல்லை என்று தோன்றும் நேரத்தில்தான்.

இரண்டாவது, பேய் ஓட்டுபவரிடமோ, 'மாற்றித் தருகிறேன்' என்பவரிடமோ, அவர் செபக்கூட்டம் நடத்துபவராகவே இருந்தாலும், கொண்டுபோக வேண்டாம். செபிப்போம், பிள்ளையோடு சேர்ந்து, அமைதி வேண்டிச் செபிப்போம். செபத்தைத் தண்டனையாக்கினால், பிள்ளை செபத்தையே வெறுத்துவிடும். பெற்றோருக்கு மனம் தாங்காவிட்டால், முதலில் பெற்றோர் ஒரு நல்ல உளநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, இரகசியத்தைக் காப்போம். ஒரு வீட்டுச் செய்தி தண்ணீர்க் குழாயடியில் பேச்சானால், அந்தக் குடும்பம் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வராது. அந்த வீட்டைக் கோயிலிலிருந்து விலக்கியவர்கள் நாமாகவே இருப்போம்.

நான்காவது, குருக்களும் அருள்சகோதரிகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் முதலில் கற்றுக்கொள்வோம். ஒரு நீதிபதி மாணவராக அமர்ந்தார் என்றால், நமக்கு அதில் என்ன கௌரவக் குறைவு?

முடிவாக

அந்தத் தாய் கேட்டது, விளம்பரத்தில் வந்தால் சரியாகிவிடுமா என்பது. இல்லை அம்மா, விளம்பரம் எதையும் சரியாக்குவதில்லை, தவறாக்குவதும் இல்லை. அது விற்கும், விலையாகாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போகும் என்று சொன்னோம். நீதிமன்றம் சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா என்றும் கேட்டார். உன் மகளை யாரும் சிறையில் போடவோ, அடைத்து வைக்கவோ கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அளவில் அது சரியானது, அதற்கு நாமும் கட்டுப்பட்டவர்கள் என்றோம். திருச்சபையின் போதனையையும் அவரிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் போதனையில் எந்த வரியும் மகளுடைய கைப்பேசியைப் பறிக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவ நல்ல பொண்ணு சாமி. என்னோட மருந்துச் செலவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புறா" என்றார். "நல்ல பெண்தான் அம்மா, அதை அவளிடமே சொல்லுங்கள்" என்றோம்.

கைப்பேசி திரும்பக் கொடுக்கப்பட்டது. மகள் வேலைக்குத் திரும்பினாள். தை மாதத்தில் ஓலை வாசிக்கவில்லை. தந்தை இன்னும் அவளோடு பேசவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், கோயில் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று தாய் மகளோடு போனில் பேசுவதைப் பார்க்கிறோம். அந்த வீட்டின் கதை எப்படி முடியும் என்று நமக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டோம்.

ஆண்டுதோறும் ரதசப்தமி அன்று, அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக நம் கலசப்பாக்கத்துச் செய்யாற்றுக்கு வருகிறார். அன்று ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பாராமல், வந்தவர்களுக்கெல்லாம் இந்த ஊர் இடம் தருகிறது. சமயம் கடந்து நாமும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து மகிழ்கிறோம். வருகிற அந்நியருக்கு இடம் தரத் தெரிந்த ஊரில், பெற்ற பிள்ளைக்கு வீட்டில் இடம் இல்லாமல் போகலாமா? இன்று இரவு குடும்பச் செபத்துக்கு உட்காரும்போது, நம் வீட்டில் யாராவது சொல்லப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். அவர்கள் பேசத் துணியும் நாளில், கேட்கும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக.